கணக்குப் பார்க்காமல் கிளம்பலாம்: ஜெர்மனி செமஸ்டர் டிக்கெட்டும் நானும்

டிரெஸ்டனுக்கு வந்த முதல் நான்கு நாளும் நான் நடந்துதான் திரிந்தேன். 2024 செப்டம்பர் கடைசி. லோப்டா என்ற பகுதியில் அறை. அங்கிருந்து பெரிய ரயில் நிலையம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். ட்ராமில் ஒருதடவை போக ஏறக்குறைய மூன்று யூரோ, நம் காசுக்கு முந்நூறு ரூபாய்க்குப் பக்கம். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு எத்தனை தடவை போய் வரலாம் என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. வங்கிக்கு நடந்தேன், குடியிருப்புப் பதிவுக்கு நடந்தேன், அரிசி மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தேன்.

அக்டோபர் 1ஆம் தேதி குளிர்கால செமஸ்டர் தொடங்கியது. அன்று காலையிலிருந்து என் போனில் செமஸ்டர் டிக்கெட் வேலை செய்ய ஆரம்பித்தது. இன்றைக்கு மூன்றாவது செமஸ்டர் முடியப் போகிறது. சிவில் இன்ஜினியரிங்கில் மேற்படிப்பு படிக்கிறேன். ஊரிலிருந்து வரப்போகும் பிள்ளைகள் போனில் முதலில் கேட்பது வாடகை, அடுத்து பகுதிநேர வேலை. போக்குவரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன டிக்கெட் என்று சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் மட்டும், மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் போகலாம் என்று ஜெர்மன் அரசு ஒரு சலுகை கொடுத்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 2023 மே 1 முதல் 49 யூரோவுக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட் வந்தது. நகரத்து பஸ், ட்ராம், சுரங்க ரயில், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், அப்புறம் ஆர்இ, ஆர்பி என்று எழுதியிருக்கும் வட்டார ரயில்கள், எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். வடக்கே கடற்கரையிலிருந்து தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரம் வரை செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர வேக ரயில்களில் செல்லாது. இதில் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு இதே டிக்கெட் 60 சதவீத விலையில், ஆறு மாதத்துக்குச் சேர்த்து, செமஸ்டர் கட்டணத்துடனேயே வந்துவிடுகிறது.

நான் சேர்ந்தபோது மாதம் 29.40 யூரோ, ஆறு மாதத்துக்கு 176.40. எல்லோரையும் போல நானும், விசாவுக்காகக் காட்ட வேண்டிய முடக்குக் கணக்கில் (blocked account) ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட்டுவிட்டு வந்தவள். மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் மருத்துவக் காப்பீடும் போனபின் மிஞ்சுவதில்தான் மற்ற எல்லாமே. அப்போது நாளுக்கு ஒரு யூரோவுக்கும் குறைவாகப் போக்குவரத்து முடிந்துவிட்டது என்பது அந்த நிலைமையில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, ஒவ்வொரு யூரோவையும் எண்ணிச் செலவழித்தவர்களுக்குத்தான் தெரியும்.

காசு மிச்சம் என்பதை விடவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த டிக்கெட் வந்தபிறகு வாசல்படி தாண்டும்போது கணக்குப் போடும் பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது. நூலகத்தில் புத்தகம் மாறிப் போச்சா, திரும்பப் போகலாம். மனசு சரியில்லையா, ஏதாவது ட்ராமில் ஏறி கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வரலாம். முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில் அப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

டிரெஸ்டனில் ட்ராம்தான் எல்லாம். டிஃபவ்பே என்று இங்குள்ளவர்கள் சொல்லும் நகரப் போக்குவரத்து நிறுவனம்தான் ஓட்டுகிறது. தண்டவாள அகலமே 1450 மில்லிமீட்டர். மற்ற இடங்களில் சாதாரணமாக இருக்கும் 1435ஐ விடக் கொஞ்சம் கூட. பெரிய ட்ராம்கள் 45 மீட்டர் நீளம். நிறுத்தத்தில் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகை காட்டும், பெரும்பாலும் அது சொன்னபடியே வரும். ஏறும் இடத்தில் தடுப்பு கிடையாது, நடத்துநர் கிடையாது. நீங்கள் டிக்கெட் வைத்திருப்பீர்கள் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் தடுமாறும் இடம் அது. வண்டி நிற்கும், கதவு தானாகத் திறக்காது. கதவில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பஸ்ஸில் இறங்கவும் முன்கூட்டியே அமுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் இல்லாத நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். குளிர் உள்ளே வராமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். முதல் நாள் தெரியாமல் நிற்கும்போது பின்னால் யாராவது ஒருவர் கை நீட்டி அமுக்கிவிடுவார்.

பல்கலைக்கழகத்துக்கு நான் போவது 61ஆம் எண் பஸ்ஸில். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அதில் நிற்கவே இடம் இருக்காது. குற்றால சீசனில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறிப் பழகியவள் என்பதால் எனக்குப் புதிதில்லை. ஆனால் முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளும் மரியாதையை இங்கேதான் கற்றேன். அதே 61 பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போனால் எல்பே ஆற்றின் மேல் ப்ளாவெஸ் வுண்டர் என்ற நீல நிற இரும்புப் பாலத்தைத் தாண்டும். 1893இல் திறந்த பாலம். நடு ஆற்றில் தூண் கிடையாது. வகுப்பு இல்லாத மதியங்களில் அதற்காகவே கடைசி வரை போவேன்.

பாலம் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், 2024 செப்டம்பர் 11 விடியற்காலை மூன்று மணி வாக்கில், கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் இடிந்து விழுந்தது. விழுந்தது ட்ராம் தண்டவாளம் போட்டிருந்த பகுதி. சில நிமிடங்களுக்கு முன்புதான் ஒரு ட்ராம் அதைக் கடந்து போயிருந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை. கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க உள்ளே இழுத்துக் கட்டியிருந்த முன்னிறுக்கக் கம்பிகளில் பல ஆண்டுகளாக நடந்த அரிப்பும் விரிசலும்தான் காரணம் என்று, எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ் நகரத்துக்கு அளித்த ஆய்வு சொன்னது. சிவில் படிக்க வந்தவளுக்கு முதல் வாரமே கண்முன்னால் பாடம். கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மீதிப் பாலத்தையும் 2025இல் இடித்துவிட்டார்கள்.

3, 7 இரண்டு ட்ராமும் அந்தப் பாலம் வழியாக ஓடியவை. 7தான் எங்கள் லோப்டா வழியாகப் போவது. மற்றப் பாலங்கள் வழியாகச் சுற்றிவிட்டார்கள். நான் வந்தபோது நிறுத்தம்தோறும் புதிய வழித்தடம் ஒட்டியிருந்தது, வண்டிக்குள் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நகரத்துக்கு நடுவில் ஆற்றுப் பாலமே போனபின்னும் ட்ராம் நிற்கவில்லை. இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் போட்டால் அதற்கென்று தனியாகப் போடுவேன்.

இரவைப் பற்றியும் சொல்கிறேன், குறிப்பாகப் பெண்பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்காக. நான் வாரத்தில் இரண்டு நாள் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை பார்க்கிறேன். முடிய நள்ளிரவு தாண்டிவிடும். இரவு ட்ராம்கள் எல்லாம் போஸ்ட்ப்ளாட்ஸ் என்ற நடு நிறுத்தத்தில் ஒரே நேரத்துக்கு வந்து சேரும்படி நேரம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திசையிலிருந்தும் மஞ்சள் வண்டிகள் வந்து நிற்கும். இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு ஆட்கள் மாறுவார்கள். எல்லோரும் ஏறியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். பனி பெய்யும் இரவில், கைவிரல் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போய் நிற்கும்போது, அந்த வெளிச்சமான ஜன்னல்கள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்க்க மனசு நிறைந்துவிடும். யாரோ உட்கார்ந்து யோசித்து, கடைசி ஆளும் வீடு போய்ச் சேரட்டும் என்று போட்ட அட்டவணை அது.

ஊருக்கு வெளியே போக எஸ்1 ரயில். எல்பே ஆற்றை ஒட்டியே ஓடி, கடைசியில் ஷோனா என்ற சின்ன நிலையத்தில் முடியும். அங்கே ஆற்றுக்கு எதிர்க்கரை செக் நாடு. நடுவில் ராத்தனில் இறங்கினால், எஞ்சினே இல்லாத படகில் ஆற்றைக் கடக்கலாம். படகை, ஆறு வரும் திசையில் தள்ளி நங்கூரமிட்ட கம்பிவடத்தில் கட்டியிருப்பார்கள், நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து மேலே ஏறினால் பாஸ்டை பாறைகள். 1851இல் கட்டிய மணற்கல் பாலம், கீழே எல்பே 194 மீட்டர் ஆழத்தில் வளைந்து போகும். முதல் ஆண்டில் பொழுதுபோக்கு என்று நான் தனியாகச் செலவு செய்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு எஸ்1 ஏறிவிடுவேன்.

இந்த டிக்கெட்டை வைத்து நான் போன நெடும்பயணம் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு. மேற்கு ஜெர்மனியில் ஹம் நகரத்தின் ஓரத்தில் ஊன்ட்ராப் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்குச் செய்த கோயில். தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். ஐசிஇயில் போனால் வேகமாகப் போகலாம், ஆனால் அந்தக் காசு எனக்குக் கட்டாது. டிரெஸ்டனிலிருந்து லைப்ஸிக், அங்கிருந்து ஹாலே, ஹாலேயிலிருந்து காசெல், காசெலிலிருந்து ஹம் என்று வட்டார ரயிலாகவே மாறி மாறிப் போனேன். காத்திருப்பும் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. முதல் துண்டு, டிரெஸ்டனுக்கும் லைப்ஸிக்குக்கும் நடுவில், 1839இல் போட்ட பாதை. ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை அதுதான். ஹாலேக்கு அப்புறம் மலைக்காடும் கடுகு வயலுமாக வரும் காட்சியை வேக ரயிலில் போகிறவர்கள் இப்படி நிதானமாகப் பார்க்க முடியாது.

கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா போனில் கேட்டாள்.

“ஏளா, அவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு டிக்கெட்டு?”

“தனியா ஒண்ணும் இல்லம்மா. அதே டிக்கெட்தான்.”

“நம்மூரு டவுன் பஸ் மாதிரியா?”

அவள் கேட்டதில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் அம்மா இலஞ்சி முருகன் கோயிலுக்கு மாதத்துக்கு ஒருதடவை போனால் அதிகம். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறாள். வழியில் சித்தி வீட்டில் இறங்கிக் காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறாள். யாரிடமும் காசு கேட்க வேண்டாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். என் டிக்கெட் இலவசம் இல்லை, முன்கூட்டியே கட்டிவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். இறங்கி ஏறும்போது கை பையைத் தொடுவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கோயிலில் தேர் சுற்றி வந்து, வெயிலில் வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஓர் ஈழத்து அம்மா கேட்டார், “எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை?”

“டிரெஸ்டன்ல இருந்தும்மா.”

“அவ்வளவு தூரமோ? தனியவோ வந்தனீங்கள்?”

“ஆமாம்மா, ரயில்லதான்.”

“அப்ப சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும்” என்று கையைப் பிடித்து அன்னதானப் பந்திக்குக் கூட்டிப் போனார். எட்டு மாதம் கழித்து இன்னொருவர் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டேன். தீர்த்தத் திருவிழாவுக்கு அங்கே ஓடும் கால்வாயில்தான் நீராடுவார்கள் என்று அவர்தான் சொன்னார். இதை எழுதும்போதும் அந்த ரசத்தின் வாசனை வருகிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். குறை இல்லாமல் இல்லை.

பெரிய குறை நேரம். வட்டார ரயிலில் மாறி மாறிப் போகும்போது ஒன்று தாமதமானால் மொத்தமும் சரியும். போன நவம்பரில் வேறோர் ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதம். நான் பிடிக்க வேண்டிய இணைப்பு வண்டி போய்விட்டது. சின்ன நிலையம், கழிப்பறை பூட்டியிருந்தது, தேநீர்க் கடைகூட இல்லை. அடுத்த வண்டி வரும்வரை இரண்டரை மணி நேரம் நடைமேடையில் குளிரில் இருந்தேன். சாதாரண விலை டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு, குறைந்தது இருபது நிமிடம் தாமதம் ஆகுமென்றால் வேக ரயிலில் ஏறிக்கொண்டு பிறகு காசைத் திரும்பக் கேட்கும் உரிமை இருக்கிறது. இந்த டிக்கெட்டுக்கு அது கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு 1.50 யூரோ. அதையும் நான்கு யூரோவுக்குக் குறைவாகத் தர மாட்டார்கள் என்பதால் மூன்று தாமதத்தைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். இது நியாயமே இல்லை என்று நினைக்கிறேன். குறைந்த காசு கட்டுகிறவர்களுக்கும் குளிர் அதே குளிர்தான்.

அதனால் நான் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தேர்வு, நேர்முகம், விமானம், தூதரக வேலை என்று நேரம் தவறக்கூடாத எதற்கும் கடைசி இணைப்பை நம்ப மாட்டேன். இரண்டு வண்டி முன்னால் கிளம்புவேன். விமானம் என்றால் காசைப் பார்க்காமல் ஐசிஇ எடுத்துவிடுவேன். மற்றபடி, எஸ்இவி என்று திரையில் பார்த்தால் உடனே வெளியே ஓடி பஸ் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். பாதையில் வேலை நடக்கும்போது ரயிலுக்குப் பதிலாக விடும் பஸ் அது. கோடையில் அடிக்கடி வரும்.

அடுத்தது போன். டிக்கெட் போனில் இருக்கிறது, போனில் சார்ஜ் இல்லையென்றால் டிக்கெட்டே இல்லாத மாதிரிதான். இன்னொரு நகரத்தில் எனக்கு அது நடந்தது. சாதாரண உடையில் இருந்த இரண்டு பேர் வண்டி நகர்ந்ததும் அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார்கள். என் போன் அணைந்திருந்தது. அபராதம் 60 யூரோ என்று தாள் கொடுத்தார்கள். கை நடுங்கிவிட்டது. டிக்கெட் என் பேரில் இருப்பது என்பதால், சில நாளுக்குள் அவர்களுக்கு டிக்கெட்டை அனுப்பியதும் 60 யூரோ 7 யூரோவாகக் குறைந்தது. இது பலருக்குத் தெரியாமல் முழுசாகக் கட்டிவிடுகிறார்கள். அன்றிலிருந்து பவர்பேங்க் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும் கூடவே இருக்க வேண்டும். இந்த டிக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, அதனால் பெயரைச் சரிபார்ப்பார்கள். நம் கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னும் பின்னுமாக இருப்பதால், பல்கலைக்கழகத்தில் பதியும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி கொடுத்துவிடுங்கள்.

விலையும் ஏறிக்கொண்டே போகிறது. பொது டிக்கெட் 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63 ஆனது. மாணவர் விலையும் அதோடு ஏறும். என் முதல் செமஸ்டர் 176.40, அடுத்த இரண்டும் 208.80, இனி கட்டப்போவது 226.80. ஒன்றரை ஆண்டில் ஐம்பது யூரோ கூடிவிட்டது. இன்னும் எனக்குக் கட்டுபடியாகிறது. ஆனால் இதே வேகத்தில் போனால், எனக்குப் பின்னால் வருகிறவர்கள் மறுபடியும் வாசல்படியில் நின்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லி விலகவும் முடியாது, படிக்கிற ஏறக்குறைய எல்லோரும் கட்டியாக வேண்டும். வளாகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்து நடந்தே போகும் தோழி ஒருத்தி இதை எதிர்த்துப் பேசுவாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து கட்டுவதால்தான் இந்த விலை, அதனால் நான் இதற்கு ஆதரவாகத்தான் பேசுவேன்.

மொத்தமாக ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். நகரத்துக்குள் மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன்.

வரப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. குளிர்கால செமஸ்டர் டிக்கெட் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. செப்டம்பரிலேயே வந்து இறங்குகிறவர்கள் அந்த மாதத்துக்கு 63 யூரோ டிக்கெட்டைத் தனியாக எடுக்க வேண்டும். அது சந்தா. நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். செப்டம்பர் 10க்குள் ரத்து செய்தால்தான் மாதக் கடைசியோடு நிற்கும். 10ஆம் தேதிக்குமேல் வருகிறவர்கள் சந்தாவைத் தொடாமல், முதல் சில நாளுக்கு ஒற்றைச் சீட்டோ நாள் சீட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை மட்டும் என்னைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், மூன்று யூரோ போனால் போகட்டும்.